பெயருக்கல்ல, மிச்சமிருக்கும் ஆயுளுக்கே விலை: தனியாரிடம் சிறிய கைத்துப்பாக்கி வாங்குவோருக்கான முழுமையான வழிகாட்டி

தனியார் ஒருவரிடம் பழைய பிஸ்டல் வாங்கப் போனால், அவர் முதலில் சொல்வது அதன் பெயர். "க்ளாக் 19", "சிக் பி365" என்று சொல்லிவிட்டு, அந்தப் பெயருக்கே ஒரு விலையையும் சொல்வார். வாங்குபவரும் அந்தப் பெயரைத் தேடிப் பார்த்து, நாலு பேர் கேட்கும் விலையோடு ஒப்பிட்டுத் தலையாட்டிவிடுவார். தவறு அங்கேதான் தொடங்குகிறது. அந்தப் பெயரில் லட்சக்கணக்கான பிஸ்டல்கள் இருக்கின்றன. உங்கள் கைக்கு வரப்போவது ஒன்றே ஒன்று. அது எத்தனை தோட்டா சுட்டிருக்கிறது, யார் கையில் எப்படி இருந்தது, எந்த உறுப்பு மாற்றப்பட்டது, இன்னும் எவ்வளவு காலம் நம்பிக்கையோடு வேலை செய்யும் என்பவற்றுக்குத்தான் நீங்கள் பணம் கொடுக்கிறீர்கள்.

நான் வாங்கிய இரண்டாவது பிஸ்டல் கண்ணாடிபோல் துடைத்து வைக்கப்பட்டிருந்தது. மேனியில் ஒரு கீறல்கூட இல்லை. அந்தப் பளபளப்பில் மயங்கி, குழலுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்க்காமல் வாங்கிவிட்டேன். குழலின் நடுவில் மெல்லிய வளையம்போல் ஓர் உப்பல் இருந்தது பிறகுதான் தெரிந்தது. எப்போதோ வலுக்குறைந்த தோட்டா ஒன்றின் குண்டு உள்ளேயே சிக்கியிருக்க, அதன் பின்னால் அடுத்த தோட்டாவைச் சுட்டிருக்கிறார்கள். குழலை மாற்றி முடித்தபோது, அதையே கடையில் புதிதாக வாங்கினால் ஆகியிருக்கும் தொகையை நெருங்கிவிட்டேன். இந்த வழிகாட்டியில் குழலைப் பற்றி நீளமாகச் சொல்வதற்கு அதுவே காரணம்.

முதல் படி: சட்டம்

சட்டப்படி உங்கள் பெயருக்கு மாற்ற முடியாத துப்பாக்கியின் மதிப்பு பூஜ்யம். பூஜ்யத்துக்கும் கீழே என்றுகூடச் சொல்லலாம், ஏனென்றால் அது உங்களைச் சிறைக்கு அனுப்பக்கூடும். ஆகவே விலை பேசுவதற்கு முன்பே மூன்று கேள்விகளுக்கு விடை வேண்டும். நீங்கள் வாழும் இடத்தில் தனியாருக்குள் விற்பனை அனுமதிக்கப்படுகிறதா? உங்கள் உரிமம் இந்த வகைக்கும், இந்தத் தோட்டா அளவுக்கும், இந்த மேகசின் (தோட்டாக்களை அடுக்கும் கூடு) கொள்ளளவுக்கும் பொருந்துமா? பெயர் மாற்றம் உரிமம் பெற்ற விற்பனையாளர் வழியாக நடக்க வேண்டுமா, காவல்துறை வழியாகவா? நாட்டுக்கு நாடு விதி வேறு; ஒரே நாட்டுக்குள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும் இடங்களும் உண்டு. "எனக்குத் தெரிந்தவர் சொன்னார்" என்பது போதாது. உரிமம் வழங்கும் அலுவலகத்திலோ, உரிமம் பெற்ற விற்பனையாளரிடமோ நேரில் கேளுங்கள்.

சட்டம் தனியார் விற்பனையை அனுமதிக்கும் இடத்திலும், உரிமம் பெற்ற விற்பனையாளரின் கடையில் வைத்து மாற்றிக்கொள்வதையே நான் பரிந்துரைப்பேன். அதற்கு ஒரு கட்டணம் ஆகும். அந்தக் கட்டணத்தையும் விலைக் கணக்கில் சேருங்கள்.

வரிசை எண்ணைப் பார்க்காமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். எண் சுரண்டப்பட்டிருந்தால், அரம் பட்ட தடம் தெரிந்தால், மறுபடி பொறித்ததுபோல் எழுத்து கோணலாக இருந்தால், அங்கே விலை பேச எதுவுமில்லை. எழுந்து வந்துவிடுங்கள். எண் தெளிவாக இருந்தால், அது திருட்டுப் போனதாகப் பதிவாகியிருக்கிறதா என்று விற்பனையாளர் அல்லது காவல்துறை வழியாகச் சரிபார்க்க வழி உண்டா என்று கேளுங்கள். நேர்மையாக விற்பவர் இதற்கு முகம் சுளிக்கமாட்டார்.

இரண்டாம் படி: இது எந்தத் துப்பாக்கி என்று துல்லியமாக அறிதல்

"க்ளாக் 19" என்பது போதாது. அது 1988-இல் வந்தது. நான்காம் தலைமுறை 2010-இலும், ஐந்தாம் தலைமுறை 2017-இலும் வந்தன. ஐந்தாம் தலைமுறையில் பிடியிலிருந்த விரல் பள்ளங்கள் நீக்கப்பட்டன. ஸ்லைடை (சுடும்போது பின்னும் முன்னும் ஓடும் மேற்பகுதி) விடுவிக்கும் நெம்புகோல் இரண்டு பக்கமும் வந்தது. ஒரே பெயர்தான், ஆனால் தலைமுறைக்குத் தலைமுறை விலை மாறுகிறது. இதில் சிவப்புப் புள்ளிக் குறிகாட்டி பொருத்தும் வகையில் ஸ்லைடு வெட்டப்பட்டிருக்கிறதா, கைமுறைப் பாதுகாப்பு விசை உள்ள வடிவமா என்பனவும் சேரும். பெட்டியிலிருக்கும் மாதிரி எண்ணையும், துப்பாக்கியின் உடலில் உள்ள எழுத்துகளையும், வரிசை எண்ணையும் தனித்தனியே எழுதிக்கொள்ளுங்கள்.

ஒரு மாதிரியின் விலை இறங்குவதற்கு அதன் குறைதான் காரணமாக இருக்க வேண்டும் என்பதில்லை. ஸ்மித் அண்ட் வெஸன் நிறுவனத்தின் ஷீல்டு 2012-இலும், க்ளாக் 43 2015-இலும் வந்தபோது, மெல்லிய 9 மி.மீ. பிஸ்டலில் ஆறு, ஏழு, எட்டுத் தோட்டா என்பதே வழக்கம். 2018-இல் சிக் சாவர் பி365 அதே உருவத்துக்குள் 10 தோட்டாவை அடக்கியது. அதன்பின் பழைய மெல்லிய பிஸ்டல்கள் கெட்டுப்போய்விடவில்லை. நேற்று எப்படிச் சுட்டனவோ இன்றும் அப்படியே சுடுகின்றன. ஆனால் அவற்றைத் தேடி வருவோர் குறைந்தனர். வாங்குபவருக்கு இது நல்ல வாய்ப்பு. தோட்டா எண்ணிக்கை உங்களுக்குப் பெரிதில்லை என்றால், நம்பகமான பழைய மாதிரியை மிகக் குறைந்த விலையில் பெறலாம்.

இந்தப் படியில் இன்னொரு வேலையும் உண்டு. அந்த மாதிரியைத் தயாரிப்பாளர் எப்போதாவது திரும்ப அழைத்திருக்கிறாரா என்று பாருங்கள். 2011-இல் க்ளாக் நிறுவனம் நான்காம் தலைமுறைப் பிஸ்டல்களின் ரீகாயில் ஸ்பிரிங்கை, அதாவது ஸ்லைடைத் திரும்ப முன்னால் தள்ளும் ஸ்பிரிங்கை, மாற்றிக் கொடுத்தது. கீழே விழும்போது வெடிக்கக்கூடும் என்ற கேள்வி எழுந்ததால், 2017-இல் சிக் சாவர் தன் பி320 பிஸ்டல்களுக்கு இலவச மேம்பாட்டை அறிவித்தது. 2020-இல் ஷீல்டு ஈஇசட் வகையில், அந்த ஆண்டின் குறிப்பிட்ட மாதங்களில் தயாரானவை சுத்தியல் குறைபாட்டுக்காகத் திரும்ப அழைக்கப்பட்டன. இப்படிப்பட்ட துப்பாக்கி விற்பனைக்கு வந்தால், வேலை முடிந்ததா என்று வரிசை எண்ணை வைத்துத் தயாரிப்பாளரிடமே கேட்டறியலாம். முடிந்திருந்தால் விலையில் குறைக்கத் தேவையில்லை. முடியவில்லை என்றால், முதலில் விற்பவரே அதை முடித்துத் தரட்டும்.

மூன்றாம் படி: மூன்று விலைகளைத் தேடி எடுத்தல்

முதல் விலை, அதே மாதிரி இன்று கடையில் புதிதாக உண்மையில் விற்கும் விலை. தயாரிப்பாளர் அச்சிடும் விலையை எடுக்காதீர்கள். பெரும்பாலும் கடை விலை அதற்குக் கீழேதான் இருக்கும். இதுவே உங்கள் உச்சவரம்பு. உற்பத்தியில் இருக்கும் ஒரு பிஸ்டலின் பழைய உருப்படிக்கு, புதியதை நெருங்கும் விலை கொடுப்பதில் எந்த நியாயமும் இல்லை.

இரண்டாவது, உரிமம் பெற்ற கடை பழைய உருப்படியை விற்கும் விலை. கடை ஏதாவதொரு வகையில் பொறுப்பேற்கிறது. சரியில்லை என்றால் போய் நிற்க ஓர் இடம் இருக்கிறது. தனியாரிடம் அது இல்லை. ஆகவே தனியார் விலை இதற்குக் கீழே இருக்க வேண்டும்.

மூன்றாவது, கடை பழையதை வாங்கும் விலை. இது விற்பவரின் தரைமட்டம். கடைக்கே கொடுத்தால் அவருக்கு இவ்வளவு கிடைக்கும் என்றால், உங்களிடம் அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக எதிர்பார்ப்பது அவருடைய உரிமை. கடை வாங்கும் விலைக்கும் கடை விற்கும் விலைக்கும் இடையிலுள்ள அந்த வெளியில்தான் தனியார் விற்பனையின் நியாய விலை இருக்கிறது. இருவரும் அந்த இடைவெளியைப் பங்கிட்டுக்கொள்கிறார்கள். இதை ஒருமுறை புரிந்துகொண்டால் பேரத்தில் கோபமே வராது.

இணைய ஏலத் தளங்கள் இயங்கும் இடங்களில், விற்று முடிந்தவற்றின் விலைகளை மட்டும் தேடுங்கள். கேட்கப்படும் விலை விற்பவரின் ஆசை. படிந்த விலைதான் சந்தை. ஒரே தலைமுறை, ஒத்த நிலை, கடந்த சில மாதங்கள் என்று வடிகட்டி, குறைந்தது ஏழெட்டு விற்பனைகளை எடுத்து, அவற்றை வரிசைப்படுத்தி நடுவில் நிற்கும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். சராசரி வேண்டாம். ஏலத்தில் இருவர் போட்டி போட்டு ஏற்றிவிட்ட ஒற்றை விலை சராசரியைக் கெடுத்துவிடும். நடு எண்ணை அது அசைக்காது.

விற்பவர் தாம் எவ்வளவுக்கு வாங்கினார் என்பதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். 2020-இல் பெருந்தொற்றுக் காலத்தில் அமெரிக்காவில் துப்பாக்கிகளுக்கு வரலாறு காணாத கிராக்கி ஏற்பட்டது. அந்தச் சமயத்தில் கேட்ட விலையைக் கொடுத்து வாங்கியவர் இன்று அதைத் திரும்ப எதிர்பார்ப்பது மனித இயல்பு. அவர்மீது எனக்கு அனுதாபம் உண்டு. ஆனால் அந்த இழப்பை நீங்கள் சுமக்க வேண்டியதில்லை.

நான்காம் படி: கையில் எடுத்துப் பார்த்தல்

துப்பாக்கியைக் கையில் எடுத்தவுடன் முதல் வேலை பாதுகாப்பு. குழலை ஆபத்தில்லாத திசையில் வைத்து, விரலைச் சுடும் விசையிலிருந்து விலக்கி, முதலில் மேகசினை எடுங்கள்; பிறகு ஸ்லைடைப் பின்னால் இழுத்துப் பூட்டுங்கள்; குழலின் பின்பக்கம் தோட்டா அமரும் அறைக்குள் கண்ணால் பார்ப்பதோடு விரலாலும் தொட்டு உறுதிசெய்யுங்கள். இந்த வரிசை மாறக்கூடாது. மேகசினை எடுக்காமல் ஸ்லைடை இழுத்தால், வெளியேறிய தோட்டாவுக்குப் பதில் அடுத்தது ஏறிவிடும். க்ளாக் போன்ற சில பிஸ்டல்களைக் கழற்றுவதற்கே விசையை அழுத்த வேண்டும் என்பதால், கழற்றும் முன் மறுபடியும் பாருங்கள். விற்பவர் எதிரே நின்று "காலிதான்" என்று சொன்னாலும் பாருங்கள். நீங்கள் சோதிக்கும் இடத்தில் எங்கும் உயிருள்ள தோட்டா இருக்கக்கூடாது.

வெறும் விசையை அழுத்திப் பார்க்கவும், கழற்றவும் விற்பவரிடம் அனுமதி கேளுங்கள். கழற்ற விடமாட்டேன் என்பவரிடம் நான் வாங்குவதில்லை.

வெளித்தோற்றத்தைத் தொடங்கும்போதே ஒன்றை மனதில் பதியுங்கள்: உறையில் சுமந்த தேய்மானம் வேறு, சுட்ட தேய்மானம் வேறு. ஸ்லைடின் முன்முனையிலும் ஓரங்களிலும் பூச்சு போய் உலோகம் வெளுத்திருந்தால், அது ஹோல்ஸ்டரில் உரசியது. ஆண்டுக்கணக்கில் இடுப்பில் இருந்து, அதிகம் சுடப்படாத பிஸ்டல்கள் இப்படித்தான் இருக்கும். காவல்துறைகள் பழையதைக் கொடுத்துப் புதியது வாங்கும் நாடுகளில், அப்படிக் கழிக்கப்பட்ட பிஸ்டல்கள் பல வெளியே அசிங்கமாகவும் உள்ளே புதிதாகவும் இருப்பதைப் பார்த்திருக்கிறேன். தோற்றத்துக்காக விலை இறங்கிய இந்த வகையே நான் விரும்பி வாங்குவது. அதற்கு மாறாக, புது மேனியும் பழைய உள்ளுறுப்பும் உள்ளதுதான் பணத்தை விழுங்கும்.

துருவை அப்படி விடக்கூடாது. மேற்பரப்பில் லேசாகப் படர்ந்த செந்துரு எண்ணெயும் துணியும் போட்டால் போய்விடும். சிறு குழிகளாக அரித்திருந்தால் அது நிரந்தரம். பிடியின் பக்கத் தகடுகளைக் கழற்ற முடிகிற துப்பாக்கியில் அவற்றின் அடியில் பாருங்கள். வியர்வை தங்கி அரிப்பது அங்கேதான்.

இனி குழல். ஸ்லைடிலிருந்து தனியாக எடுத்து, நன்றாகத் துடைத்து, ஒரு பக்கம் வெளிச்சம் காட்டி மறுபக்கம் பாருங்கள். சுருள் வரிகளின் விளிம்பு தெளிவாக இருக்க வேண்டும். பழைய தலைமுறை க்ளாக்குகளின் குழல் பலகோண அமைப்புடையது. அதில் கூரிய பள்ளங்கள் இராது. அதைத் தேய்ந்துவிட்டதென்று எண்ணி விலை குறைக்கக் கேட்டால், விற்பவர் உங்களை அறியாதவர் என்று முடிவுகட்டிவிடுவார். உள்ளே எங்காவது இருண்ட வளையம் தெரிகிறதா என்று மெதுவாகச் சுழற்றிப் பாருங்கள். தெரிந்தால் வெளிப்புறத்தில் அதே இடத்தை விரல் நுனியால் தடவுங்கள். உப்பல் கைக்குத் தட்டுப்படும். நான் ஏமாந்தது இதில்தான். உப்பிய குழல் என்றால், புதுக் குழலின் முழு விலையையும் கழித்துவிடுங்கள், இல்லையேல் வாங்காதீர்கள். குழலின் முன்வாய் விளிம்பில் அடிபட்ட தழும்பு இருந்தால் குறி தவறும். அறைப் பகுதியின் மேல்பக்கத்தில் உரசி மின்னும் தடம் மட்டும் இயல்பானது. பெரும்பாலான பிஸ்டல்களில் சீக்கிரமே வந்துவிடும்.

ஸ்லைடின் உள்முகத்தில், தோட்டாவின் பின்புறம் வந்து பதியும் தட்டையான இடத்தைப் பாருங்கள். பித்தளைக் கறை துடைத்தால் போகும். தோட்டாவை அடிக்கும் ஊசி வெளிவரும் துளையைச் சுற்றி உலோகமே அரித்திருந்தால், அது நிறையச் சுட்டதற்கோ, அழுத்தம் மிகுந்த தோட்டா போட்டதற்கோ சான்று. அருகிலேயே, சுட்ட தோட்டாவின் வெற்று உறையை வெளியே இழுக்கும் எக்ஸ்ட்ராக்டரின் கொக்கி இருக்கும். முனை சிதைந்திருக்கிறதா என்று பாருங்கள். மாற்றுவது மலிவு, கவனிக்காமல் விட்டால் வெற்று உறை உள்ளே சிக்கும். தோட்டா வெளியேறும் சாளரத்தின் மூலைகளில் வெளிச்சத்தைச் சாய்த்து அடித்து விரிசல் தேடுங்கள். மயிரிழை விரிசல் இருந்தாலும் பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

துப்பாக்கியின் அடிச்சட்டமான ஃப்ரேமில் ஸ்லைடு ஓடும் தடங்களைப் பாருங்கள். அலுமினிய ஃப்ரேமில் கறுப்புப் பூச்சு தேய்ந்து வெள்ளை தெரிவது தொடக்கம். உலோகமே வாரிக் குழியாகியிருந்தால் முடிவு நெருங்குகிறது. பாலிமர் ஃப்ரேமில் எஃகுத் தடங்கள் பொருத்தப்பட்டிருக்கும். அவை பொருந்திய இடத்திலும், உள்ளுறுப்புகளைப் பிடித்திருக்கும் ஆணிகளின் துளைகளைச் சுற்றியும் பிளவு இருக்கக்கூடாது.

சிறிய பிஸ்டலைப் பெரியதைப்போல் மதிப்பிட முடியாததற்குக் காரணம் ஸ்பிரிங். க்ளாக் 19-இன் குழல் 102 மி.மீ.; பி365-இன் குழல் 79 மி.மீ. அளவுதான். குழல் குறுகக் குறுக ஸ்லைடின் எடையும் அது ஓடும் தூரமும் குறைகின்றன. அதே 9 மி.மீ. தோட்டாவின் உதைப்பை, சின்ன இடத்தில் அடைபட்ட வலுவான ஸ்பிரிங் தாங்க வேண்டியிருக்கிறது. அதனால் ரீகாயில் ஸ்பிரிங் பெரிய பிஸ்டலைவிட விரைவில் சோர்ந்துவிடும். 3,000 முதல் 5,000 தோட்டாவுக்கு ஒருமுறை மாற்றுவது பொது வழக்கம். மிகச் சிறியவற்றில் அதற்கு முன்பே மாற்றுவார்கள். சோதிக்க எளிய வழி: காலிப் பிஸ்டலின் குழலை மேல்நோக்கிப் பிடித்து, ஸ்லைடைப் பின்னால் இழுத்து, கையோடு மெதுவாக முன்னால் விடுங்கள். கடைசி வரை தானாகப் போய் அமர வேண்டும். நடுவழியில் நின்றால் ஸ்பிரிங் போய்விட்டது, அல்லது அழுக்கு. ஸ்பிரிங் விலை சிறியது. ஆனால் "200 தோட்டாதான் சுட்டேன்" என்று சொல்பவரின் ஸ்பிரிங் சோர்ந்திருந்தால், நீங்கள் ஐயப்பட வேண்டியது ஸ்பிரிங்கை மட்டுமல்ல.

விசை: அழுத்தி, பிடித்தபடியே ஸ்லைடை இழுத்துவிட்டு, மெதுவாகத் தளர்த்துங்கள், விசை அடுத்த சுடலுக்கு மறுபடி இணைவது தெளிவாக விரலுக்குத் தெரிய வேண்டும். கைமுறைப் பாதுகாப்பு இருந்தால், அதைப் போட்டு விசையை அழுத்தும்போது சுத்தியலோ ஊசியோ விழக்கூடாது. பிறகு பாதுகாப்பை எடுக்கும்போதும் விழக்கூடாது. வெளிச் சுத்தியல் உள்ள பிஸ்டலில், சுத்தியலை ஏற்றி வைத்துக் கட்டைவிரலால் முன்னோக்கி மிதமாக அழுத்துங்கள். விசையைத் தொடாமல் விழுந்தால் அது ஆபத்தான துப்பாக்கி. சில மாதிரிகள் மேகசின் உள்ளே இல்லாமல் விசையை விடுவிக்காது. அப்போது காலி மேகசினைப் போட்டுச் சோதியுங்கள். விசை வழக்கத்துக்கு மீறி இலேசாக இருந்தால், யார் மாற்றினார், பழைய உறுப்புகள் எங்கே என்று கேளுங்கள். வீட்டு மேசையில் அரம் தேய்த்த விசையை நான் மதிப்புக் குறைவாகவே கருதுவேன், எவ்வளவு மென்மையாக இருந்தாலும் சரி.

உயிரற்ற டம்மித் தோட்டாக்களை எடுத்துச் செல்லுங்கள். ஒவ்வொரு மேகசினிலும் ஐந்தாறு போட்டு, கையால் ஸ்லைடை இழுத்து ஏற்றி இறக்கிப் பார்த்தால், மேகசினின் மேல்விளிம்பு (உதடு) விரிந்திருப்பதும் எக்ஸ்ட்ராக்டர் பிடிக்காததும் அங்கேயே தெரிந்துவிடும். விற்பவர் சம்மதித்து, சுடுதளமும் அருகில் இருந்தால், உங்கள் செலவில் 50 தோட்டா சுட்டுப் பாருங்கள். எவ்வளவு கண்ணால் பார்த்தாலும் அதற்கு இணையாகாது.

சிறிய ரிவால்வர் என்றால்

பார்க்க வேண்டியவை வேறு. சுத்தியலை மெதுவாக ஏற்றும்போது, அது முழுதாக ஏறுமுன் சிலிண்டர் (தோட்டாக்கள் அமரும் சுழல் உருளை) சுழன்று பூட்டிக்கொள்ள வேண்டும். ஒவ்வோர் அறைக்கும் தனித்தனியே சோதியுங்கள். விசையை அழுத்தியபடி சிலிண்டரை முன்பின் அசைத்தால் ஆட்டம் மிகக் குறைவாகவே இருக்க வேண்டும். சிலிண்டருக்கும் குழலுக்கும் இடையிலான வெளி 0.10 முதல் 0.25 மி.மீ. வரை இருந்தால் சரி. இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகளால் அளந்துவிடலாம். இலேசான அலாய் ஃப்ரேம் கொண்ட ரிவால்வர்களில், குழல் திருகி இறங்கும் இடத்துக்குக் கீழே ஃப்ரேமில் விரிசல் விழுவது அறியப்பட்ட குறை. சிலிண்டரை வெளியே தள்ளிவிட்டு அந்த இடத்தை வெளிச்சத்தில் பாருங்கள். விரிசல் விழுந்த ஃப்ரேமைச் சீர்செய்ய முடியாது.

ஐந்தாம் படி: கூட வருபவற்றின் மதிப்பு

துணைப் பொருள்களைப் புது விலையில் கூட்டி, அதைத் துப்பாக்கியின் விலையோடு சேர்த்துச் சொல்வது விற்பவர்களின் பொதுவான பழக்கம். ஏமாற்றும் எண்ணம் இருக்க வேண்டும் என்பதில்லை. அவர் உண்மையிலேயே அவ்வளவு செலவழித்திருப்பார். ஆனால் அவர் கைக்கும் கண்ணுக்கும் ஏற்ப வாங்கியவை அவை.

தயாரிப்பாளரின் மேகசின்களுக்கு நான் முழு மதிப்புக் கொடுப்பேன். அவை விலை கூடியவை, தேய்ந்து கழிபவை, நிச்சயம் தேவைப்படுபவை. பெட்டிக்கும் காகிதங்களுக்கும் சிறிய மதிப்பு உண்டு. மறுபடி விற்கும்போது உங்களுக்கே உதவும். ஹோல்ஸ்டர் எனக்குப் பொருந்தினால் பாதி, இல்லையேல் ஒன்றுமில்லை. தொழிற்சாலைத் தோட்டாவை, சட்டம் அனுமதித்தால், தனியே விலை பேசுங்கள். யாரோ வீட்டில் நிரப்பிய தோட்டாவை இலவசமாகக் கொடுத்தாலும் சுடாதீர்கள்.

இருளில் ஒளிரும் குறிகாட்டிகளைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். அவற்றுக்குள் டிரிடியம் வாயு இருக்கிறது. அதன் அரை ஆயுள் 12.3 ஆண்டு. அதாவது 12 ஆண்டு கழிந்தால் ஒளி ஏறக்குறையப் பாதியாகிவிடும், 24 ஆண்டில் கால் பங்கு. உள்ளிருக்கும் ஒளிர்பொருளும் மங்குவதால் கண்ணுக்குத் தெரிவது இன்னும் குறைவு. தயாரித்த ஆண்டு சில குறிகாட்டிகளிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். இருட்டறையில் வைத்துப் பாருங்கள். மங்கிவிட்டதற்குக் கூடுதல் விலை தராதீர்கள்.

பழைமைக்காக வாங்கப்படும் துப்பாக்கிகளில் இந்தக் கணக்குகள் தலைகீழாகும். 1930-களின் வால்தர் பிபிகே போன்ற ஒன்றில் தேய்ந்த அசல் பூச்சு, புதிதாகப் பூசிய பளபளப்பைவிடப் பல மடங்கு பெறும். மறுபூச்சின் அடையாளம் மழுங்கிய விளிம்புகள், ஆழம் குறைந்த எழுத்துகள், திருகுத் துளையைச் சுற்றிச் சரிந்த பள்ளம். சேகரிப்புக்கென்று வாங்குபவர் இந்த வழிகாட்டியோடு நின்றுவிடாமல், அந்த மாதிரியை அறிந்த ஒருவரைக் கூட அழைத்துச் செல்ல வேண்டும்.

ஆறாம் படி: கணக்குப் போடுதல்

எந்தப் பணமானாலும் பொருந்தும்படி, புதியதன் இன்றைய கடை விலையை 100 என்று வைத்துக்கொள்வோம். உற்பத்தியில் இருக்கும் நல்ல பெயருடைய பிஸ்டல் ஏறக்குறையப் புதிதாக இருந்தால் 75 முதல் 80, நன்றாகப் பராமரிக்கப்பட்டு ஓரளவு சுடப்பட்டிருந்தால் 65 முதல் 72, தேய்மானம் தெரிந்தும் பத்திரமாக இயங்கினால் 50 முதல் 58 என்பது என் தொடக்கக் கணக்கு. விற்று முடிந்த விலைகள் வேறு சொன்னால், அவற்றையே நம்புங்கள்.

ஓர் எடுத்துக்காட்டு. விற்பவர் கேட்பது 88. "இரவுக் குறிகாட்டிக்கே 12 ஆயிற்று" என்கிறார். நீங்கள் திரட்டிய நடு விலை 74. அது இரண்டு மேகசினும் பெட்டியும் உள்ளவற்றுக்கு. இதில் ஒரு மேகசின்தான் இருக்கிறது: 5 குறைகிறது. ஸ்பிரிங் மாற்ற வேண்டும்: 2. பெயர் மாற்றக் கட்டணம் 4. பாதிப் பாதி என்றால் உங்கள் பங்கு 2. குறிகாட்டியின் ஆண்டைப் பார்த்தால் 13 வருடம் ஆகிவிட்டது: கூட்ட எதுவுமில்லை. 74-இல் 9 போனால் 65. இதுவே உங்கள் உச்சம். பேச்சை 61 அல்லது 62-இல் தொடங்கலாம்.

65-ஐத் தாண்டி 67 வரை போக நான் தயங்கமாட்டேன், ஒரு நிபந்தனையில்: முதலில் வாங்கிய ரசீது, பராமரிப்புக் குறிப்பு, சுட்ட எண்ணிக்கையை எழுதிவைத்த ஏடு இவை இருந்தால். வரலாறு தெரிந்த துப்பாக்கிக்கு அவ்வளவு கூடுதல் தகும். மாறாக, மூன்று நான்கு கை மாறி, யாருக்கும் எதுவும் தெரியாது என்றால், இன்னும் 5 குறையுங்கள். அந்த 5 உங்கள் அச்சத்துக்கான விலை அல்ல. வாங்கியபின் மாற்ற வேண்டிவரும் உறுப்புகளுக்கு ஒதுக்கும் தொகை.

உத்தரவாதம் யாருக்கு என்றும் பாருங்கள். சில தயாரிப்பாளர்கள் முதலில் வாங்கியவருக்கு மட்டும் தருகிறார்கள். சிலர் துப்பாக்கி யார் கையில் இருந்தாலும் கவனிக்கிறார்கள். பின்னது என்றால் பழையது வாங்குவதன் ஆபத்தில் பெரும்பகுதி நீங்கிவிடுகிறது.

ஏழாம் படி: பேசுதல்

குறைகளைக் குற்றச்சாட்டாக அடுக்காதீர்கள். எழுதிய கணக்கைக் காட்டுங்கள். "இந்த மாதிரி அண்மையில் 74 வாக்கில் விற்றிருக்கிறது. ஒரு மேகசின் குறைகிறது, ஸ்பிரிங் மாற்ற வேண்டும். 62 தருகிறேன், இன்றே பெயர் மாற்றிக்கொள்ளலாம்" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். அடிமாட்டு விலைக்குக் கேட்டுத் தொடங்குவது தந்திரம் என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கவனமாகப் பராமரித்த ஒருவர் அந்த விலையைக் கேட்டதும் மனம் கசந்து, உங்களுக்கு விற்கவே மறுத்துவிடுவார். நல்ல துப்பாக்கி வைத்திருப்பவர்கள்தான் அப்படி மனம் கசப்பவர்கள்.

விலை மிகக் குறைவாக இருந்தாலும் நில்லுங்கள். 100-க்கு 35 என்று ஒருவர் அவசரப்படுத்தினால், காகிதம் வேண்டாம், இங்கேயே முடித்துவிடலாம் என்றால், அது விலைக்குறைப்பு அல்ல. திருட்டுப் பொருளாகவோ வேறு குற்றத்தில் பயன்பட்டதாகவோ இருக்கலாம். அதேபோல, நேரில் காட்டாமல் முன்பணம் கேட்பவருக்கு ஒரு காசும் அனுப்பாதீர்கள்.

எட்டாம் படி: முடித்தல்

பணமும் துப்பாக்கியும் சட்டம் சொல்லும் இடத்தில், சட்டம் சொல்லும் காகிதங்களோடு, ஒரே நேரத்தில் கைமாற வேண்டும். விற்பனைச் சீட்டில் தயாரிப்பாளர், மாதிரி, தோட்டா அளவு, வரிசை எண், தேதி, தொகை, இருவரின் உரிம விவரம், கையெழுத்து ஆகியவை இருக்கட்டும், ஆளுக்கொரு படி. எத்தனை மேகசின், என்னென்ன உறுப்பு மாற்றப்பட்டது என்பதையும் அதிலேயே எழுதுங்கள். வீட்டுக்கு வந்ததும் முழுதாகக் கழற்றிச் சுத்தம் செய்து, புது ரீகாயில் ஸ்பிரிங் போட்டு, பூட்டிய பெட்டியில் வையுங்கள். பிறகு சுடுதளத்தில் குறைந்தது 200 தோட்டா, ஒவ்வொரு மேகசினையும் எண்ணிட்டு, எது எப்போது சிக்கியது என்று குறித்தபடி சுடுங்கள். அந்தக் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் கொடுத்த விலையையும் அந்தக் கழித்தல் கணக்கையும் ஒட்டிவையுங்கள். என்றாவது நீங்கள் அதை விற்கும் நாளில், எதிரே அமர்ந்திருப்பவரிடம் காட்ட வேண்டியது அதுதான்.